அழாதவருக்கு மனச்சோர்வு வருமா?

பாலைப்பழம் | வெள்ளி, இரவு 9:42

வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போய்விடுவேன், எழுதியதில்லை. விசுவமடுப் பக்கம் இருக்கிறோம். என் அண்ணனைப் பற்றிக் கேட்க வேண்டும்.

அண்ணனுக்கு 44 வயது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது இயக்கத்துக்கு, புலிகளிடம், போனவர். 2009 மே மாதம் வட்டுவாகல் தாண்டி வந்து சரணடைந்தார். தடுப்பு முகாமில் புனர்வாழ்வு முடிந்து 2011 இல் வீடு திரும்பினார். முதுகிலும் இடது தொடையிலும் ஷெல் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. தகரக் கொட்டகை போட்டு மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்தார். பத்து வருடத்துக்கு மேலாக நன்றாகத்தான் நடந்தது. அதிகம் பேசமாட்டார், ஆனால் கை ஓயாத மனிதர்.

கடந்த காலபோக நெல் அறுவடை முடிந்ததிலிருந்து கடை திறப்பதில்லை. இரவு இரண்டரைக்கு எழும்பிக் கிணற்றுக்கட்டில் போய் இருக்கிறார். சோறு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. சின்னவள் பள்ளிக்கூடப் பையைக் கீழே போட்டால்கூடக் கத்துகிறார். முன்பு பிள்ளைகளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. குடியும் கொஞ்சம் கூடிவிட்டது. அண்ணி சோம்பல் என்கிறார். அம்மா யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று நூல் கட்டுவித்தார்.

நல்ல குணம் மட்டும் மாறவில்லை. போன கிழமை தன் ஸ்பனர் செட் முழுவதையும் பக்கத்து வளவுப் பொடியனுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். ஒருவரையும் தொடவிடாத சாமான் அது.

அவர் அழுததை நான் கண்டதில்லை. போரின்போது மாத்தளனில் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து மண்வெட்டியைக் கழுவி வைத்தவர். மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இது அதுவா?

அக்கராயன் கமக்காரன் | வெள்ளி, இரவு 10:15

தங்கச்சி, குறை நினைக்க வேண்டாம். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு வருத்தத்தின் பெயர் வைத்துவிடுகிறார்கள். எத்தனை இடம் பெயர்ந்து, மெனிக் பாம் அகதி முகாம் கூடாரத்துக்குள் வெந்து, திரும்பி வந்து காடாய்க் கிடந்த காணியை வெட்டி நெல் போட்டோம். எங்களுக்குச் சோர்வு வர நேரம் இருந்ததா? அண்ணனை வயலுக்கு அனுப்புங்கள். உழைக்கிற உடம்பு தானாக நித்திரை கொள்ளும்.

மூன்றாம் வார்ட் | வெள்ளி, இரவு 10:58

பாலைப்பழம், உங்கள் பதிவில் ஸ்பனர் செட் பற்றி எழுதிய இடத்தைத் திரும்பப் படியுங்கள்.

வன்னியில் ஓர் உளநலப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். ஆளைப் பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் உயிராய் வைத்திருந்த பொருளைக் காரணமில்லாமல் தூக்கிக் கொடுப்பதையும், திடீரென்று கடன்களைத் தீர்ப்பதையும், "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவைப்பதையும் நல்ல குணம் என்று விட்டுவிட முடியாது.

இன்றிரவு அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, களைகொல்லி இருந்தால் இப்போதே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அவர் கிணற்றடிக்குப் போனால் நீங்களும் போய்ப் பக்கத்தில் இருங்கள். அறிவுரை வேண்டாம், தேத்தண்ணீர் போதும். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "அண்ணா, சாக வேண்டும் என்று யோசனை வருகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுவீர்கள். அப்படி நடப்பதில்லை. பலருக்கு அந்தக் கேள்வியே பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம். ஆம் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் அழைக்கலாம்.

பாலைப்பழம் | வெள்ளி, இரவு 11:06

கை நடுங்குகிறது. இரண்டு வளவு தள்ளித்தான் வீடு. போகிறேன்.

அக்கராயன் கமக்காரன் | வெள்ளி, இரவு 11:20

அந்த வரியை நானும் வாசித்தேன், ஒன்றும் உறைக்கவில்லை. வயலுக்கு அனுப்பச் சொன்னதை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் வார்ட் | சனி, பிற்பகல் 2:30

பாலைப்பழம் காலையில் எனக்குத் தனிமடல் போட்டிருக்கிறார். அண்ணன் வீட்டில்தான், ஆள் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

மனச்சோர்வு என்று சொல்ல இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, துக்கமான மனநிலை. மற்றது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போவது. ஏதாவது ஒன்று இரண்டு கிழமைக்குக் குறையாமல், அனேகமாக நாள் முழுவதும் இருக்க வேண்டும். கூடவே நித்திரைக் குழப்பம், பசி மாற்றம், களைப்பு, கவனம் நிற்காமை, தன்னையே குற்றவாளியாக்கும் எண்ணம், சாவு பற்றிய நினைப்பு என்று சிலவும் சேர்ந்திருக்கும். இரண்டாவது வாசலால் வருபவருக்குக் கண்ணீரே தேவையில்லை. திறக்காத கடைதான் அவருடைய அழுகை.

எங்களிடம் வருகிறவர்கள் "மனச்சோர்வு" என்று சொல்லி வருவதில்லை. "தலைக்குள் வண்டு குடைகிறது", "நெஞ்சுக்குள் அடைக்கிறது", "யோசனை கூட" என்றுதான் வருவார்கள். வெளிநோயாளர் பிரிவில் நாலு தரம் பனடோல் வாங்கிய பிறகே எங்கள் கதவைக் காண்பார்கள். போர்க்களத்தில் இருந்த ஆண்களிடம் அது பெரும்பாலும் கோபமாகவும், குடியாகவும், தீராத முதுகுவலியாகவும் வருகிறது. விடியப்புறம் இரண்டு மூன்று மணிக்கு விழித்து, பிறகு கண் மூடாமல் கிடப்பது அனேகமாக எல்லோரும் சொல்கிற ஒன்று.

மனவடுவையும் இதையும் சேர்த்துக் குழப்புகிறோம். மனவடுவில் நடந்தது திரும்பத் திரும்ப வரும்: ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் உடம்பு நிலத்தில் விழப் பார்க்கும், ஆள் அந்தப் பாதையால் போகவே மாட்டார். மனச்சோர்வில் இன்றைய நாளிலிருந்து ஆள் கழன்றுபோகிறார். இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் சாதாரணம். போர் முடிந்த மே மாதத்திலும் மாவீரர் நாள் வரும் நவம்பரிலும் இரண்டுமே கூடும்.

இன்னொன்று. ஷெல் வெடித்த அதிர்வில் தலை அடிபட்டவர்களுக்கு மறதியும் எரிச்சலும் மந்தமும் வரலாம். தைரொயிட் குறைந்தாலும் இரத்தம் குறைந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். உடம்பில் உலோகத் துண்டு இருப்பவரை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், படுக்க வைப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம்.

ரொறன்ரோ பனங்கொட்டை | சனி, மாலை 6:12

இதற்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுவதும் பயன்படுகிறது. தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். அண்ணனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

வெட்கப்படத் தேவையில்லை என்றும் சொல்லுங்கள். ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் செய்த ஆய்வு ஒன்று 2004 இல் வெளிவந்தது. மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிந்தவர்களில் 23 முதல் 40 சதவீதத்தினர்தான் உதவி தேடினார்கள். சம்பளம், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ள படையிலேயே அந்த நிலை. "பலவீனமானவன் என்று நினைப்பார்கள்" என்பதுதான் அவர்களுக்கும் பெரிய பயம்.

காவலரண் | சனி, இரவு 8:47

அண்ணா, அந்த ஒன்பது கேள்வியை நானும் நிரப்பியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் "இல்லை". மொத்தம் பூச்சியம். அன்று காலை மனைவிக்குக் கடிதம் எழுதி அரிசி வாளிக்குள் வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

ஏன் பொய் சொன்னேன்? ஒரு மேசை. எதிரே ஒருவர். அவர் கையில் பேனா. என் பெயரில் ஒரு கோப்பு. தடுப்பில் எத்தனை மேசைக்கு முன்னால் இருந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. சொந்தப் பெயர், இயக்கப் பெயர், எந்தப் படையணி, யார் பொறுப்பாளர். "இல்லை" என்பதை முகம் மாறாமல் சொல்லத் தெரிந்ததால்தான் வெளியே வந்தேன். வந்த பிறகும் கையெழுத்து வைக்கப் போக வேண்டும், "சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம்" என்று வீட்டுக்கும் வருவார்கள். இப்படிப்பட்டவனிடம் வைத்தியர் படிவத்தை நீட்டினால் அது எந்த மேசைக்குப் போகும் என்றுதான் முதலில் யோசிப்பான். ஒருமுறை ஓர் உளவளத்துணையாளர் மிக அன்பாக, "பழைய கனவுகள் வருகிறதா? அதில் யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டார். எழும்பி வந்துவிட்டேன். அவர் பாவம், பாடத்தில் படித்ததைக் கேட்டார்.

பயிற்சியும் சேர்ந்தது. இரவில் காயப்பட்டால் கத்தக்கூடாது, கத்தினால் நிற்கிற இடம் தெரிந்துவிடும். நாங்கள் இப்போதும் கத்துவதில்லை.

என்னைக் கண்டுபிடித்தவர் எங்களோடு மருத்துவப் பிரிவில் இருந்த ஒருவர். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். வேலி அடைக்க உதவிக்கு வந்திருந்தார். அவர் ஒழுங்கைப் பக்கம், நான் வளவுப் பக்கம், நடுவில் கிடுகு. முகம் தெரியாது. "டேய், நீ முன்பு ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாய். இன்று ஒன்றையும் இழுத்துப் பார்க்கவில்லை" என்றார். அவ்வளவுதான். ஓலைக்கு ஊடாக எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் சொன்னேன்.

பாலைப்பழம் தங்கச்சி, அண்ணனை நேருக்கு நேர் இருத்திக் கேட்க வேண்டாம். இரண்டு பேர் கையிலும் ஏதாவது வேலை இருக்கட்டும்.

முறிகண்டிக் கச்சான் | சனி, இரவு 10:03

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஏ9 வீதியில் கச்சானும் தேத்தண்ணீரும் விற்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு பக்கத்து முகாமிலிருந்து சிங்களச் சிப்பாய் ஒருவன் வருவான். அனுராதபுரத்துக்கு அப்பால் ஏதோ கிராமம். இருபத்திரண்டு வயதுகூட இராது. மிச்சக் காசை எண்ணி வாங்குவான், தமிழில் ஒன்று இரண்டு சொல்லிச் சிரிப்பான், மாலையில் என் வாங்கிலிருந்து அம்மாவுக்கு போன் எடுப்பான்.

பிறகு போன் எடுப்பதை விட்டான். மிச்சக் காசை எடுக்க மறந்துவிட்டுப் போனான். சப்பாத்து மினுக்காமல் வந்தான், அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குற்றம் என்று நான் பார்த்திருக்கிறேன். என் தம்பி தடுப்பிலிருந்து வந்த புதிதில் இருந்த அதே முகம். "ஏன் மல்லி (தம்பி)?" என்றேன். நித்திரை இல்லை என்றான். முகாமில் சொல்லலாமே என்றேன். சொன்னால் துவக்கை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு அனுப்புவார்கள், மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்றான். அதற்குப் பிறகு வரவில்லை. இடமாற்றமா, தப்பி ஓடினானா, வேறென்னவா? யாரிடம் போய்க் கேட்பேன்?

செங்களம் | சனி, இரவு 10:21

காணாமல் ஆக்கப்பட்ட எங்கள் பிள்ளைகள் எங்கே என்று வீதியில் இருக்கும் தாய்மாருக்கே பதில் இல்லை. ஆமிக்காரனின் நித்திரைக்கு நாங்கள் கவலைப்பட வேண்டுமா?

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, காலை 6:50

செங்களம் தம்பி, அந்தக் கணக்கு வேறு, அதை எவரும் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் ஒரு வருத்தத்தின் அடையாளத்தைப் படிக்கும்போது சீருடையின் நிறத்தைப் பார்த்தால் அடையாளத்தைத் தவறவிடுவோம். பிறகு நம் வீட்டிலும் தவறவிடுவோம்.

முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படையில் நினைவும் பார்வையும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1915 இல் ஒரு வைத்தியர் எழுதியபோதுதான் "ஷெல் அதிர்ச்சி" என்ற பெயர் மருத்துவ ஏட்டில் ஏறியது. அதே போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களைச் சொல்லி 306 சிப்பாய்களைச் சொந்தப் படையே சுட்டது. அவர்களில் நோயாளி எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. 2006 இல்தான் பிரித்தானிய அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு வருடம் கழித்து. மகனைப் பற்றி ஊரில் வாய் திறக்காமலே செத்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

வீரம் பாடிய மரபு என்று நாம் மார்தட்டுகிறோம். ஆனால் சங்கப் பாட்டொன்றில் பாசறையில் ஓர் அரசன் நித்திரை வராமல் கிடக்கிறான். அவன் மனதில் வருவது, அம்பு தைத்து, செவியைச் சாய்த்துக்கொண்டு, புல் தின்னாமல் நிற்கும் குதிரை. வகுப்பில் நாற்பது தடவை கற்பித்திருப்பேன், உவமைக்கும் இலக்கணத்துக்கும் மதிப்பெண் போட்டேன். குதிரை தின்னவில்லை என்பதை அந்தப் புலவன் கவனித்தான் என்பது இந்த இழையை வாசித்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

நந்தியாவட்டை | ஞாயிறு, காலை 9:35

எல்லோரும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். நானும் இயக்கத்தில் இருந்தவள். லொறி ஓட்டினேன், முப்பது பேருக்குக் கட்டளை கொடுத்தேன். 2010 இல் வெளியே வந்ததும் அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நான் வாய் திறக்காமல் இருந்தேன், படலைக்கு வெளியே போகவில்லை. மாமியார் ஊரெல்லாம் சொன்னார், "இயக்கத்தில் இருந்தவள் என்று சொல்லவே முடியாது, அவ்வளவு அடக்கம்." ஆண் பேசாமல் இருந்தால் ஏன் என்று கேட்கவாவது ஆள் இருக்கிறது. பெண் பேசாமல் இருந்தால் பாராட்டுகிறார்கள்.

இரண்டு வருடம் போனது. குழந்தையை நிறுக்க வந்த குடும்பநல உத்தியோகத்தர்தான் கண்டுபிடித்தார். குழந்தையின் நிறை கூடவில்லை. அதைவிட, நான் ஒருமுறையும் பெயர் சொல்லாமல் "இது பால் குடித்தது, இது நித்திரை கொண்டது" என்றேனாம். வாசலில் செருப்புப் போட்டவர் திரும்பி உள்ளே வந்து இருந்துவிட்டார்.

அக்கராயன் கமக்காரன் | ஞாயிறு, இரவு 7:40

மூன்றாம் வார்ட் பிள்ளை பூச்சிமருந்து பற்றி எழுதியது இரண்டு நாளாக மனதில் நிற்கிறது. பரகுவாட் என்ற களைகொல்லியைத் தடைசெய்தபோது, புல்லுக்கு என்ன அடிப்பது என்று அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அந்தப் போத்தலால் போன மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருவன் படையில் இருந்து விலகி வந்தவன், என் மருமகன் முறை. கதிர் அறுக்கும் காலம், வேலை செய்துகொண்டுதான் இருந்தான். உழைக்கிற உடம்புக்கு வராது என்று எந்த வாயால் எழுதினேனோ தெரியவில்லை. இன்று மருந்துப் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன்.

மூன்றாம் வார்ட் | ஞாயிறு, இரவு 8:25

ஐயா, உங்கள் திட்டு வீணாகவில்லை. 1995 அளவில் இந்த நாட்டில் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்த வருடமே மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடுத்தார்கள். 2008 முதல் 2011 வரை பரகுவாட்டையும் வேறு இரண்டையும் படிப்படியாக நிறுத்தினார்கள். இருபது வருடத்தில் அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் கொடிய நேரம் பலருக்குச் சில மணித்தியாலங்கள்தான். அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில் உயிர் தங்கியிருக்கிறது. பூட்டின் திறப்பை நீங்களே வைத்திருங்கள்.

பாலைப்பழம் | மூன்று கிழமைக்குப் பிறகு, புதன், இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் எழுத முடிகிறது.

அந்த வெள்ளி இரவு அண்ணியோடு போய்ப் படுத்தேன். இரண்டரைக்கு எழும்பினார். தேத்தண்ணீரோடு பின்னால் போனேன். கேட்கச் சொன்னதைக் கேட்டேன், குரல் வரவில்லை, இரண்டாம் தரம்தான் வந்தது. கனநேரம் பேசவில்லை. பிறகு, "உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் ஒன்றாகத்தானே வளர்கிறார்கள்" என்றார். நான் கேட்டதற்கு அதுதான் பதில். விடியும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

காவலரண் அண்ணா சொன்னபடி, ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் ஆய்ந்துகொண்டு பேசினோம். விசர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். முதுகுவலிக்கு வருவீர்களா என்றேன். அதற்கு வந்தார். மூன்றாம் வார்ட் அக்கா சொல்லித்தந்தபடி வைத்தியரிடம் நான் முதலே உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரத்தத்தில் ஒன்றும் குறையில்லை. காலையில் ஒரு மாத்திரை. எழுதுவது எங்கே போகும் என்று அண்ணன் கேட்டார். வைத்தியர் கிளினிக் கொப்பியைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே வாசியுங்கள்" என்றார்.

முதல் கிழமை ஓங்காளம், நிறுத்தப் போகிறேன் என்றார். பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை ஆகும் என்று சொல்லியிருந்ததால் அண்ணி விடவில்லை. இப்போது நாலு மணிவரை நித்திரை கொள்கிறார். கடை திறக்கவில்லை. பக்கத்து வளவுப் பொடியன் நேற்று ஒரு மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்திலேயே கழற்றினான், நாங்கள் சொல்லி அனுப்பவில்லை. அண்ணன் கதிரையில் இருந்தபடியே, "அதற்குப் பன்னிரண்டாம் நம்பர் போடாதே, நட்டின் தலை தேய்ந்துவிடும்" என்றார். எழும்பவில்லை.

காவலரண் | புதன், இரவு 9:31

நல்லது. எழும்பச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம்.

மூன்றாம் வார்ட் | புதன், இரவு 9:44

ஒன்று கேட்க வேண்டும். உடம்பு கொஞ்சம் தேறி, மனம் இன்னும் தேறாத இந்தக் கிழமைகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு மாத மாத்திரையும் ஒன்றாகத் தந்திருப்பார்கள். அது யார் கையில் இருக்கிறது?

பாலைப்பழம் | புதன், இரவு 9:50

அம்மாவிடம். பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒன்றை எடுத்து, திருநீற்றைத் தொட்டுவிட்டுக் கொடுக்கிறார். அதற்கு ஒன்றும் ஆகாதுதானே அக்கா?

மூன்றாம் வார்ட் | புதன், இரவு 9:52

ஆகாது. கொடுக்கட்டும்.